பாக்கெட் தைத்தது நான்தான்

தையல் கடை,
ஜூன் 9

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

இங்கே என் வலது முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் சுகம். உங்கள் ரத்தக் கொதிப்பு அடங்கியிருக்கிறதா? மாத்திரையை வேளைக்குப் போடுகிறீர்களா? என் மகனும் உங்கள் மகளும் புது வீட்டில் சண்டை போடாமல் இருக்கிறார்களா?

போனில் கேட்டால் ஆகாதா என்று நினைப்பீர்கள். போனை எடுத்தால் என் பக்கத்தில் கடைப்பெண்கள் இரண்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அந்தப் பக்கம் உங்கள் மகள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். சம்பந்தி சம்பந்தியிடம் மட்டும் சொல்வதற்கென்று நாலு பேச்சு இருக்குமே, அதற்குத்தான் காகிதம். நான் ஐந்தாவதோடு நின்றவள். ஆனால் அந்த ஐந்தாவதில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள். தப்பு கண்ணில் பட்டால் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்கு எந்த ஊரில்தான் வேலை இல்லை? என் மகனை உங்கள் ஊருக்கே மாற்ற வேண்டுமா? நம் பேத்தி வாலு உங்கள் பள்ளியிலேயே ஏழாவதில் சேர்ந்துவிட்டாள் என்று கேட்டதும் சந்தோஷம் என்று சொன்னேன். சொன்னேன், அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து என் கட்டிங் டேபிளுக்கு அடியில் தவழ்ந்தவள். துணி வெட்டும் சத்தம் கேட்டால்தான் தூங்குவாள். இப்போது டேபிளுக்கு அடியில் வெட்டுத் துணி மூட்டைதான் தூங்குகிறது.

யூனிபார்ம் இரண்டு செட் அனுப்பியிருக்கிறேன். உங்கள் பள்ளி நிர்வாகத்துக்கு இந்த ஊரிலும் ஒரு பள்ளி இருப்பதும், அந்த யூனிபார்ம் முழுக்க என் கடையில் தைப்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். வருஷத்தில் பாதி நாள் இந்தக் கடை ஓடுவதே அந்த ஆர்டரில்தான். அதனால் அளவு பார்த்துத்தான் தைக்க வேண்டும் என்று இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தைப்பேன்.

நீங்கள் வாரம் ஒரு நாள் ஏதோ புத்தக வகுப்பு எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். பிள்ளையை ரொம்பப் படிக்க வைத்துக் கண்ணைக் கெடுத்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


டீச்சர் வீடு,
ஜூன் 28

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இருக்கிறது. உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? மாப்பிள்ளையும் மகளும் சண்டை போடுகிறார்கள், ஆனால் சாப்பிட்ட பிறகுதான்.

கடிதத்தில் வட்டம் போடும்படி எதுவும் இல்லை. உங்கள் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

புத்தக வகுப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிள்ளைகளாக இருக்கும்போதே தங்கள் உரிமையைக் கேட்டவர்களைப் பற்றிய புத்தகங்களை ஏழாம் வகுப்புக்குப் படித்துக் காட்டுகிறேன். நிறத்தைக் காரணம் காட்டி மனிதர்களைப் பிரித்து வைத்திருந்த ஒரு நாட்டில், பஸ்ஸில் தன் இடத்தைவிட்டு எழ மாட்டேன் என்று உட்கார்ந்த பதினைந்து வயதுப் பெண். கூச்சல் போடும் கூட்டத்துக்கு நடுவே பள்ளிக்கு நடந்துபோன ஆறு வயதுக் குழந்தை. தங்கள் பள்ளிக் கட்டடம் மோசமாக இருக்கிறது என்று எல்லோரையும் வகுப்பைவிட்டு வெளியே அழைத்துப்போன இன்னொரு பெண். இப்படி.

விஷயம் முற்றுகிற இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவேன். "அந்த பஸ்ல நீ இருந்தா என்ன பண்ணியிருப்ப?" என்று கேட்பேன். அந்தப் பெண்ணோடு சேர்ந்து உட்கார்கிறவர்கள் கரும்பலகைப் பக்கம் போக வேண்டும். இறங்கிப் போய்விடுகிறவர்கள் கதவுப் பக்கம். பேசாமல் வெளியே வேடிக்கை பார்க்கிறவர்கள் ஜன்னல் பக்கம். முதல் நாள் வகுப்பு முழுக்கக் கரும்பலகைக்கு ஓடியது. எப்போதும் அப்படித்தான் ஓடும். நம் வாலு மட்டும் தனியாக ஜன்னல் பக்கம் போய் நின்றாள். "எனக்குப் பயமா இருந்திருக்கும் டீச்சர்" என்றாள்.

எத்தனையோ வருடமாக இந்த வகுப்பை எடுக்கிறேன். முதல் நாளே உண்மை சொன்ன பிள்ளையைப் பார்த்தது அபூர்வம். எனக்குப் பெருமையாக இருந்தது. உங்கள் வளர்ப்பு.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


தையல் கடை,
ஜூலை 6

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அதை விடுங்கள்.

ஜன்னல் பக்கமா? என் பேத்தியா? நீங்கள் வேறு யாரையோ பார்த்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது படிக்கும்போது கடையில் வரிசையை மீறி முன்னால் வந்த ஒரு பெரிய வீட்டு அம்மாவைப் பார்த்து, "வரிசைல வாங்க, இல்லைன்னா என்னை மாதிரி டேபிளுக்கு அடியில உக்காருங்க" என்று சொன்னவள் அவள். அந்த அம்மா இன்றுவரை என் கடை வாசலை மிதிக்கவில்லை. அவளைப் போய்ப் பயந்தவள் என்று எழுதியிருக்கிறீர்கள். பெருமை வேறு படுகிறீர்கள்! கடைசியில் "உங்கள் வளர்ப்பு" என்று ஒரு வார்த்தை. அது பாராட்டா, குத்தலா என்று கடைப்பெண்களிடம் படித்துக் காட்டினேன். ஒருத்தி பாராட்டு என்றாள், இன்னொருத்தி பாபினில் நூல் சுற்றப் போய்விட்டாள்.

போன வாரம் போனில் வாலு அந்த பஸ் பெண்ணைப் பற்றியே பேசினாள். என் முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தையல் பாட்டி, நீங்க எப்பவாச்சும் முடியாதுன்னு சொல்லியிருக்கீங்களா?" என்று கேட்டாள். "தினமும்தான்டி சொல்றேன், நாளைக்கே தச்சுக் குடுன்னு வர்றவங்ககிட்ட" என்றேன். முன்பெல்லாம் இதற்கு விழுந்து விழுந்து சிரிப்பாள். இப்போது, "அது இல்ல பாட்டி" என்றாள். டீச்சர் பாட்டி கையில் போய்ச் சேர்ந்த பிறகு என் ஜோக்கெல்லாம் பழசாகிவிட்டது போலிருக்கிறது.

நானும் விடவில்லை. அந்த பஸ் பெண்ணின் புத்தகத்தை வரவழைத்து, மெஷினுக்குப் பக்கத்தில் வைத்து விரல் வைத்து விரல் வைத்துப் படித்தேன். நல்ல பெண்தான். ஆனால் அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்று விவரமாக இல்லை. இரண்டு போலீஸ்காரர்கள் பிடித்து இழுத்தால் அக்குள் தையல் விட்டுப் போயிருக்கும். அவளுக்கு அந்த நேரத்தில் அதுவும் ஒரு கவலையாக இருந்திருக்கும். எழுதினவருக்குத் தையல் தெரியாது.

வாலுவிடம் சொல்லுங்கள், பாட்டியும் படித்துவிட்டாள் என்று. நீங்கள் மறந்தாலும் மறப்பீர்கள், நானே சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் சம்பந்தி


டீச்சர் வீடு,
ஆகஸ்ட் 2

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வாலுவுக்குக் காய்ச்சல் வந்து இப்போது முழுக்கச் சரியாகிவிட்டது. மகளுக்கு ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி. அதனால் என் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டேன். நீங்கள் கவலைப்படுவீர்கள் என்று போனில் யாரும் சொல்லவில்லை. கோபிக்க வேண்டாம். உங்கள் கால் எப்படி?

நீங்கள் புத்தகம் படித்ததை அவளிடம் சொன்னேன். அக்குள் தையலைப் பற்றி வகுப்பில் எழுந்து சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

போன வாரம் ஒரு பெண் பிள்ளை, "நமக்கு இப்ப என்ன டீச்சர் பிரச்சனை? எல்லாம்தான் இருக்கே" என்றாள். வாலு எழுந்து, "பசங்க பேன்ட்ல ரெண்டு பாக்கெட் இருக்கு. நம்ம ஸ்கர்ட்ல ஏன் ஒண்ணுகூட இல்லை?" என்றாள். ஒரே சத்தம். லேபுக்கும் லைப்ரரிக்கும் பையைக் கொண்டுபோகக் கூடாது என்பதால் பெண்கள் பேனா, சாவி, கைக்குட்டை எல்லாவற்றையும் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறார்கள். வேறு சில நாள்களில் வேறு சிலவற்றையும் ஒளித்துக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. சின்ன விஷயம்தான். ஆனால் பெண் என்பதற்காக இல்லாமல் போன விஷயம்.

முறையாக ஒரு மனு எழுதச் சொன்னேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டுத் தலைமையாசிரியையிடம் கொடுத்திருக்கிறார்கள். பதில் வரட்டும், காத்திருப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


தையல் கடை,
ஆகஸ்ட் 14

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

காய்ச்சல் வந்தது எனக்கு உங்கள் கடிதத்தில்தான் தெரிந்தது. சரியான பிறகு தெரிந்து என்ன பிரயோஜனம்? காய்ச்சலில் அவளுக்குப் பாதத்தைத் தேய்த்துவிட வேண்டும், அப்போதுதான் தூங்குவாள். உங்களுக்கு அது தெரிந்திருக்காது. அவள் வாய்விட்டுக் கேட்கவும் மாட்டாள். அதை நினைத்துத்தான் எனக்கு மனசு ஆற மாட்டேன் என்கிறது.

பாக்கெட் விஷயமாக வாலு என்னைக் கூப்பிட்டாள். "பாட்டி, நீங்கதானே தைக்கிறீங்க? ஏன் பாக்கெட் வைக்கலை?" என்றாள். "பள்ளிக்கூடம் குடுத்த மாடல்ல இல்லடி" என்றேன். "மாடல்ல இல்லைன்னா ஏன்னு கேக்க மாட்டீங்களா?" என்றாள்.

சம்பந்தியம்மா, போனை வைத்துவிட்டு அந்த ஸ்கர்ட் மாடலை எடுத்து விரித்துப் பார்த்தேன். எத்தனை வருஷமாக அந்த ஸ்கர்ட்டை வெட்டுகிறேன்! பையன்களின் பேன்ட்டுக்குப் பாக்கெட் துணி தனியாக ஒதுக்குவேன், பெண்களுக்கு ஒதுக்க மாட்டேன். ஏன் என்று என் கத்தரியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதைக் கேட்க அவளுக்கு நீங்கள் கற்றுக் கொடுத்திருக்கிறீர்கள். கேள்வி உங்களுடையது, கேட்கப்பட்டது நான். நன்றாக இருக்கிறது.

இத்துடன் புதிதாக இரண்டு ஸ்கர்ட் பார்சலில் வருகிறது. பழையது குட்டையாகிவிட்டது என்று என் மகன் சொன்னான். அதில் ஒன்றில் எனக்கும் அவளுக்கும் மட்டும் ஒரு சங்கதி இருக்கிறது. நீங்கள் கேட்க வேண்டாம். உங்களுக்கும் அவளுக்கும் ஊர்ப்பட்ட புத்தகம் இருக்கிறது. எனக்கும் அவளுக்கும் இந்த ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சம்பந்தி


தையல் கடை,
செப்டம்பர் 10

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

அங்கே எல்லோரும் சுகமா? சுகமாகத்தான் இருக்க வேண்டும். சுகமில்லை என்றால்தானே ஞாபகம் வரும்.

பார்சல் வந்து சேர்ந்ததா என்று ஒரு வரி இல்லை. வாலுவும் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால், "படிக்கிறேன் பாட்டி, அப்புறம் பேசுறேன்" என்கிறாள். அப்புறம் என்பது எந்த நாள் என்று தெரியவில்லை. என் மகனைக் கேட்டால், "எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு" என்கிறான். அவன் அப்பா கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியைத் தொலைத்த அன்று இதே குரலில்தான் சொன்னார்.

மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையை முழுசாக எடுத்துக்கொண்டீர்கள். நான் படிக்காதவள், போட்டி போட முடியாது. நீங்கள் பஸ்ஸையும் போலீஸையும் ஊர்வலத்தையும் காட்டுகிறீர்கள். என்னிடம் ஊசியும் நூலும்தான் இருக்கிறது. ஆனால் அரையாண்டு விடுமுறை முழுக்க அவள் இங்கேதான். அதில் பேச்சே இல்லை. டேபிளுக்கு அடியில் இருந்த மூட்டையை இப்போதே எடுத்துவிட்டேன். அவள் அங்கே உட்காருகிற வயதெல்லாம் தாண்டிவிட்டாள் என்று கடைப்பெண்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

உங்கள் சம்பந்தி


டீச்சர் வீடு,
செப்டம்பர் 21

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். பார்சல் வந்தது. ஸ்கர்ட் நன்றாகப் பொருந்தியது.

புத்தக வகுப்பு தற்சமயம் நடக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் ஓய்வு. பள்ளியின் பின்பக்க அறையில் பழைய பாடப்புத்தகங்களை எடுத்து அடுக்கும் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே தூசி அதிகம், வெயில் கிடையாது. அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறவளுக்கு இது போதும்.

வாலு நன்றாகச் சாப்பிடுகிறாள். பாதத்தைத் தேய்த்துவிடுகிறேன்.

உங்கள் கடையில் ஆர்டரெல்லாம் எப்போதும்போல நடக்கிறதா?

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


வீடு,
அக்டோபர் 2

என் தையல் பாட்டிக்கு,

உங்க முழங்கால் எப்படி இருக்கு? முதல்ல இதைத்தான் கேட்கணும்னு முடிவு பண்ணினேன். கேட்டுட்டேன்.

பாட்டி, டீச்சர் பாட்டி உங்ககிட்ட எதுவும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. போன்ல சொல்ல மாட்டேன்னுதான் சத்தியம் பண்ணினேன். எழுத மாட்டேன்னு பண்ணலை.

பார்சலைப் பிரிச்சு ஸ்கர்ட்டைப் போட்டப்ப கை தானா உள்ளே போச்சு. அப்பத்தான் பாக்கெட் இருக்குன்னே தெரிஞ்சது. வெளியில பார்த்தா மடிப்பு மாதிரியே இருக்கு. நான் வீடு முழுக்கக் குதிச்சேன். மறுநாள் பிரேயர்ல தும்மல் வந்து கைக்குட்டையை எடுத்தேன். பி.டி. சார் பார்த்துட்டார்.

ஹெச்.எம். மேடம், "இது என்ன?" என்றாங்க.

"பாக்கெட் மேடம்."

"அது தெரியுது. எதுக்கு?"

"கை வைக்க."

பின்னாடி எல்லாரும் சிரிச்சாங்க. நான் ஜோக்குக்குச் சொல்லலை பாட்டி. பயத்துல வேற ஒண்ணும் வரலை. "நாளைக்கு இதைத் தைச்சு மூடிட்டு வரணும்" என்றாங்க. "நாங்க குடுத்த மனுவுக்குப் பதில் சொல்லுங்க மேடம், மூடிடுறேன்" என்றேன். குரல் எலி மாதிரி வந்துச்சு. எதிர்த்துப் பேசினேன்னு என்னைக் காரிடார்ல உட்கார வெச்சாங்க. மறுநாள், கண்ணாடின்னு நாங்க கூப்பிடுற என் சிநேகிதி தன் ஸ்கர்ட்டுக்குள்ள கைக்குட்டையை ரெண்டு சேஃப்டி பின்னால குத்தி, "எனக்கும் பாக்கெட் இருக்கு"ன்னு வந்து பக்கத்துல உட்கார்ந்தா. அப்புறம் ஒவ்வொருத்தியா வந்தாங்க. காரிடார்ல நடக்க வழி இல்லை.

அப்புறம் டீச்சர் பாட்டியைக் கூப்பிட்டாங்க. கதவு திறந்துதான் இருந்துச்சு. "எல்லாம் உங்க புத்தக வகுப்புதான் டீச்சர். சரி, இதை யார் தைச்சது?" என்று மேடம் கேட்டாங்க. நான் உங்க பேரைச் சொல்லலாம்னு எழுந்தேன். அதுக்குள்ள டீச்சர் பாட்டி, "நான்தான்" என்றாங்க.

பாட்டி, அவங்களுக்கு ஜாக்கெட் பட்டன் அறுந்தா பின்தான் குத்துவாங்க!

வீட்டுக்கு வந்து ஏன்னு கேட்டேன். நீங்க தைச்சதுன்னு தெரிஞ்சா உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆர்டர் போயிடும்னு சொன்னாங்க. எங்களைத் திரும்ப வகுப்புக்குள்ள விட்டுட்டாங்க. புத்தக வகுப்பை நிறுத்திட்டாங்க. ஸ்கர்ட் ஹெச்.எம். அலமாரில இருக்கு. டீச்சர் பாட்டி தூசியில இருமிக்கிட்டே இருக்காங்க.

கோபப்படாதீங்க பாட்டி.

உங்கள் வாலு


தையல் கடை,
அக்டோபர் 7

சம்பந்தியம்மாவுக்கு,

சுகமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. இருமலுக்குக் கஷாயம் குடியுங்கள். அதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தப் பாக்கெட் என்னுடையது.

உள்துணி நான் வெட்டினது. மடிப்புக்குள் மறைத்து, ஓரம் மடக்கி, இரட்டைத் தையல் போட்டு, இழுத்தால் பிய்யாதபடி வாயின் இரண்டு முனையிலும் கட்டுத் தையல் கொடுத்தது நான். மற்றவர்கள் ஸ்கர்ட்டுக்கு மெஷின். அவளுக்குக் கையால் தைத்தேன். அதை நீங்கள் "நான்தான்" என்று சொல்லியிருக்கிறீர்கள். உங்களுக்கு ஊசியில் நூல் கோர்க்க வருமா? எப்படி அம்மா மனசு வந்தது?

பிள்ளைக்குப் புத்தகம் கொடுத்தது நீங்கள். கேள்வி கொடுத்தது நீங்கள். காய்ச்சலில் பார்த்துக்கொண்டது நீங்கள். எல்லாம் உங்கள் கணக்கில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நான் செய்தது ஒரே ஒரு பாக்கெட். அதற்கு வந்த திட்டையும் நீங்களே வாங்கிக்கொண்டால் எனக்கு என்னதான் மிச்சம்? நாளைக்கு அவள் பெரியவளாகி, "எனக்காக ஒருத்தி தூசி அறையில் உட்கார்ந்தாள்" என்று சொல்லும்போது உங்கள் முகம்தான் அவளுக்கு ஞாபகம் வரும். என்னை நினைத்தால் தையல் மெஷின் சத்தம்தான் ஞாபகம் வரும்.

ஆர்டர் போய்விடும் என்று நீங்கள் பயந்தீர்களாம். என் ஆர்டருக்குப் பயப்பட நான் இருக்கிறேன்.

உங்கள் தலைமையாசிரியைக்கு இன்றே எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். பாக்கெட் தைத்தது நான்தான், இன்ன ஊரில் இன்ன கடை, உங்கள் யூனிபார்மையும் நான்தான் தைக்கிறேன், டீச்சருக்குப் பட்டன்கூடத் தைக்கத் தெரியாது என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். கையெழுத்தை நிறுத்தி நிதானமாகப் போட்டிருக்கிறேன்.

உங்கள் சம்பந்தி


டீச்சர் வீடு,
அக்டோபர் 19

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

கஷாயம் குடித்தேன். இருமல் குறைந்திருக்கிறது. உங்களுக்குக் கோபத்தில் முழங்கால் வலி தெரியாமல் இருந்தால் நல்லது.

உங்கள் கடிதம் தலைமையாசிரியையின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. என்னை உள்ளே கூப்பிட்டு, அலமாரியைத் திறந்து, ஸ்கர்ட்டை மேஜைமேல் விரித்தார். ஓர் ஊசியும் நூலும் எடுத்து வைத்தார். "டீச்சர், நீங்கதானே தைச்சீங்க? இந்த ஓரம் மாதிரியே ஒரு விரல்கடை தைச்சுக் காட்டுங்க."

நூல் முனையை நாக்கில் நனைக்க வேண்டும் என்பது தெரியும். நனைத்தேன். அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியவில்லை. விரலில் குத்தி ரத்தம் வந்தது. அவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "பொய் சொல்றதுக்கும் கொஞ்சம் பயிற்சி வேணும் டீச்சர்" என்றார். பிறகு பாக்கெட்டை உள்பக்கம் திருப்பி உங்கள் தையலை விரலால் தடவிப் பார்த்தார். "நல்ல கை" என்றார்.

இந்த இரண்டு வார்த்தையை உங்களுக்கு எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். அதனால்தான் பதில் தாமதம்.

எப்படி மனசு வந்தது என்று கேட்டிருந்தீர்கள். எத்தனையோ வருடமாகப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிறேன். எல்லோரும் கரும்பலகைப் பக்கம் ஓடுவார்கள். மணி அடிக்கும். வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒரு பிள்ளைகூட வகுப்புக்கு வெளியே எதற்காகவும் உட்கார்ந்ததில்லை. இந்த வருடம்தான் உட்கார்ந்தார்கள். அதற்கு என் புத்தகம் போதவில்லை, உங்கள் பாக்கெட் வேண்டியிருந்தது. காரிடாரில் அவள் புத்தகத்தை மடியில் வைத்திருந்தாள். ஆனால் கை பாக்கெட்டுக்குள் இருந்தது. நான் பார்த்தேன்.

உங்கள் ஆர்டரைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேன் என்று வாலுவிடம் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் "நான்தான்" என்று சொன்னபோது எனக்குக் கஷ்டமாக இல்லை, சம்பந்தியம்மா. நன்றாக இருந்தது.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


டீச்சர் வீடு,
டிசம்பர் 3

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

நீங்கள் பதில் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

உங்கள் கடையின் பள்ளி ஆர்டர் போய்விட்டதாக மாப்பிள்ளை இப்போதுதான் சொன்னார். ஒரு மெஷினுக்கு உறை போட்டு மூடி வைத்திருக்கிறீர்களாம். நீங்கள் எனக்கு ஒரு வரி எழுதவில்லை. நான் திட்டு வாங்கியதை நீங்கள் எனக்கு விட்டுத் தரவில்லை. ஆனால் உங்கள் நஷ்டத்தை மட்டும் என்னிடமிருந்து ஒளித்துவிட்டீர்கள்.

நிர்வாகத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் சுற்றறிக்கை வந்திருக்கிறது. விருப்பமுள்ள பெற்றோர் தங்கள் செலவில், வெளியே தெரியாதபடி, வலது பக்கம் மட்டும் ஒரு பாக்கெட் வைத்துக்கொள்ளலாமாம். இடது பக்கம் என்ன பாவம் செய்தது என்று வாலு இரண்டாவது மனு எழுதிக்கொண்டிருக்கிறாள். புத்தக வகுப்பு மறுபடி தொடங்கிவிட்டது. என்ன புத்தகம் என்பதை மட்டும் முன்கூட்டியே தலைமையாசிரியையிடம் காட்ட வேண்டும். காட்டுகிறேன். அவர் வாங்கி வைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் படித்துவிடுகிறார்.

இன்னொரு செய்தி. இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அரையாண்டு விடுமுறைக்கு வாலு உங்களிடம் வரவில்லை. என்னிடமும் இருக்கப் போவதில்லை. கண்ணாடி வீட்டுக்குப் போகிறாள். விடுமுறை முழுக்க. நிர்வாகத்தின் மற்றப் பள்ளிகளில் படிக்கும் பெண்களுக்கெல்லாம், இரண்டாவது மனுவில் சேரச் சொல்லி உட்கார்ந்து எழுதப் போகிறார்களாம். "நம்ம வீட்டுல உட்கார்ந்து எழுதக் கூடாதா?" என்றேன். "இல்ல பாட்டி, நீங்க எட்டிப் பார்த்துத் திருத்துவீங்க" என்றாள். "தையல் பாட்டி வீடு?" என்றேன். "அவங்க என்னை எழுதவே விட மாட்டாங்க, பேசிக்கிட்டே இருப்பாங்க" என்றாள்.

பாதம் தேய்த்துவிட்டதைக் கண்ணாடியிடம் சொல்லிச் சிரித்தாளாம்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


தையல் கடை,
டிசம்பர் 9

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆர்டர் போனது போனதுதான். எழுதினால் வருத்தப்படுவீர்கள், வருத்தப்படுவதிலும் என்னை முந்திவிடுவீர்கள் என்றுதான் எழுதவில்லை. ஒரு மெஷின் மூடிக் கிடப்பதைப் பார்த்தால் மனசு சுருக்கென்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கடைப்பெண்களில் ஒருத்தியைப் பாதி நாள்தான் வரச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்த ஊர்ப் பள்ளிப் பெண்கள் ஒருத்தி, இரண்டு பேர் என்று ஸ்கர்ட்டைத் தூக்கிக்கொண்டு பாக்கெட் வைக்க வர ஆரம்பித்திருக்கிறார்கள். வரிசையில்தான் வருகிறார்கள்.

"நல்ல கை" என்று அவர் சொன்னதை நான்கு தடவை படித்தேன். நீங்கள் ஒளிக்க நினைத்ததை ஐந்தாவது தடவை படித்தேன். நீங்கள் எழுதிய மற்றதற்கு நான் பதில் எழுதவில்லை. எனக்கு அவ்வளவு தூரம் எழுத வராது. உங்களுக்கும் வயிறு எரிந்தது என்று தெரிந்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று மட்டும் எழுதுகிறேன்.

அது கிடக்கட்டும். யார் இந்தக் கண்ணாடி?

நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள், பார்த்துச் சொல்லக் கூடாதா? அவள் வீட்டில் அப்படி என்ன இருக்கிறது? சேஃப்டி பின் குத்தத் தெரிந்துவிட்டால் சிநேகிதியா? நான் வளர்த்தேன், நீங்கள் படிக்க வைத்தீர்கள், கடைசியில் பின் குத்தினவள் வந்து கொண்டுபோகிறாள். நம் இரண்டு பேர் கண்ணுக்கு முன்னால், சம்பந்தியம்மா! நீங்களாவது கொஞ்சம் கண்டித்திருக்கக் கூடாதா? என்னால் முடியாது, நான் கண்டித்தால் அழுதுவிடுவேன்.

விடுமுறைக்கு நீங்கள் இங்கே வாருங்கள். அங்கே தனியாக உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்க வேண்டாம். அவளை நினைத்துப் பொருமுவதற்குத் துணையாக ஒரு ஆள் இருந்தால் நல்லதுதானே. மெஷின் சத்தத்தில் தூக்கம் வராது என்பீர்கள். பழகிவிடும்.

வரும்போது ஒன்று செய்யுங்கள். அந்தக் கண்ணாடிப் பெண்ணின் இடுப்பளவும் உயரமும் எடுத்துக்கொண்டு வாருங்கள். பாவம், எத்தனை நாளைக்குத்தான் பின்னைக் குத்திக்கொண்டு திரிவாள். பாக்கெட் வைத்து ஒன்று தைத்துக் கொடுக்கிறேன். நம் வாலுவுடையதைவிட ஒரு விரல்கடை ஆழம் குறைவாகத்தான் வைப்பேன். அதை நீங்கள் யாரிடமும் சொல்லக் கூடாது.

உங்கள் சம்பந்தி